கல்யாணப் பேண்ட்

பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. இன்ஷூரன்ஸ்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார். மூச்சு அடங்கியது, வயிறு அடங்கவில்லை.

பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். கடை எரிந்துவிட்டது என்று ஒருவர் அழுதால், அந்த ஆளின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். வருஷம் தவறாமல் கல்யாண நாளன்று இந்தக் கல்யாணப் பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். இத்தனை வருஷமும் கச்சிதமாக இருந்தது. வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் என்று டாக்டர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சி இதுதான்.

"எடை மெஷின் பொய் சொல்லுமா சார்?" என்று போன மாதம்கூட டாக்டர் கேட்டார்.

"மெஷின் உங்களோடது. பேண்ட் என்னோடது" என்று எழுந்து வந்துவிட்டார்.

இன்று அந்தச் சாட்சி பல்டி அடித்துவிட்டது.

"கிளம்பலையா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். அம்மாவோடு சேர்ந்து தையல் கடை நடத்துகிறவள்.

"இதுல யாரு கை வச்சது?"

"உங்க வயிறுதான்."

படுத்துக்கொண்டு இழுத்தால் வரும் என்று கட்டிலில் மல்லாந்தார். பொத்தான் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. அதைத் தேடக் குனிந்ததும் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பே அவருக்கு ஒரு துப்பாகப் பட்டது.

"டேப்பைக் கொண்டா. அளந்தே பாத்துடலாம்."

அளந்தார். முகம் கறுத்தது. "இது உன் கடை டேப்பு. உன் பக்கம்தான் பேசும்."

விபத்துக் கார்களை அளக்கும் தன் இரும்பு டேப்பை எடுத்து வந்தார். அது இன்னும் கூடுதலாகக் காட்டியது. குளிரில் சுருங்கியிருக்கும் என்று பையில் திருப்பிப் போட்டுவிட்டார்.

பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு, பேண்ட்டின் இடுப்புப் பட்டியைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். ஒரு தையலில் மட்டும் நூல் புதுசு.

"அகப்பட்டுக்கிட்டியா. நீயும் டாக்டரும் கூட்டு. பேண்ட்டைப் பிடிச்சுத் தச்சு, என்னை பயமுறுத்திப் படுக்க வைக்கப் பாக்கறீங்க."

அவள் சிரிப்பு போய்விட்டது. "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் நான் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். ஆனால் ஊறிப்போன விசாரணைப் புத்தி விடுமா? கண்ணைக் கசக்கும் ஆட்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"பேச்சை மாத்தாதே. இதைப் பிடிச்சுத் தைக்கலன்னு யாராவது சாட்சி சொல்லட்டும், நாளைக்கே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறேன்."

அவள் கூடத்து ஜன்னலோரம் கத்தரிக்கோலும் கையுமாக இருந்த அம்மாவைப் பார்த்தாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓகோ, கூட்டுல மூணாவது ஆளும் உண்டா? சொல்லுங்க அத்தை, எத்தனை தடவை பிடிச்சீங்க?"

மாமியார் பேண்ட்டை வாங்கி, உள்பக்கத்தைத் திருப்பி மடியில் விரித்தார்.

"பிடிக்கவே இல்ல மாப்ளே. உங்க மனசு ஒடிஞ்சுடக் கூடாதேன்னு வருஷா வருஷம் பிரிச்சு, கல்யாணத் துணியில மிஞ்சினதை ஒட்டி ஒட்டி விட்டுக்கிட்டே வந்தோம். போன வருஷத்தோட துணி தீந்துபோச்சு."