பணிமூப்பு வரிசைப்படி பி.ஏ.

உலகம் தோன்றிய நாள் முதலாகக் கல்விக்காக மனிதகுலம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காட்டுக்குப் போய்க் குருவுக்கு விறகு வெட்டினார்கள். தெருவிளக்கடியில் கொசுக்கடி பட்டார்கள். கப்பலேறினார்கள். விடுதிச் சாம்பாரைக் குடித்தும் சிலர் உயிரோடு திரும்பினார்கள். இத்தனையும் வீண் வேலை என்பது மதுரை கோச்சடையில், 2005 முதல் 2008 வரை, மூன்றே ஆண்டுகளில் நிரூபிக்கப்பட்டது. நிரூபித்த பெருமக்கள் மூவர். நடுவில் நிற்பவன் அடியேன்.

பெயர் சந்தானம், பி.ஏ. 'சாக்குப்பை மறுபயன்பாட்டுக் கண்காணிப்பு வட்டார அலுவலக'த்தில் கண்காணிப்பாளர். கிடங்குகளில் காலியாகும் சாக்குகள் எத்தனை, அவற்றில் ஓட்டை எத்தனை, ஓட்டை எலி போட்டதா, கொக்கி போட்டதா என்று நாட்டுக்காகக் கவலைப்படும் அலுவலகம் அது. எனக்கு மேலே மேலாளர் ஞானசீலன். எனக்குக் கீழே உதவியாளர் ஆண்டிச்சாமி. மூவருமே பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நாட்டுப்பணிக்கு வந்துவிட்ட தியாகிகள்.

இன்னொருத்தியும் உண்டு. ரூத். தினக்கூலிக் கணினி இயக்குநர். பிளஸ் டூவில் மிஷன் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். கல்குவாரியில் அப்பாவுக்கு இடுப்பு போனதும் கல்லூரிக் கனவை மடித்து வைத்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். மேலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். 2005இலேயே ஆறாவது வருடமாகத் 'தற்காலிகம்'.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை இடிபோல இறங்கியது. மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெறாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. நாங்கள் மூவரும் முதல் பத்தியைப் படித்ததுமே நாற்காலியில் சாய்ந்துவிட்டோம். கடைசிப் பத்தியை ரூத் மட்டும்தான் படித்தாள். பட்டம் பெறும் தினக்கூலிப் பணியாளர் ஒருவர், அலுவலகத்துக்கு ஒருவர் வீதம், நிரந்தர இளநிலை உதவியாளர் ஆக்கப்படுவார் என்று அதில் இருந்தது.

எங்களைக் கைதூக்கிவிட வந்தவர் மெர்வின். அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதன் வாசலில் 'அகில புவன இணையப் பல்கலைக்கழகம், கோச்சடை வளாகம்' என்று பலகை புதிதாகத் தொங்கியது. வளாகம் என்பது நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி.

"பல்கலைக்கழகம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்டர்நெட்ல இருக்குண்ணே."

"அம்புட்டுத் தொலைவு யாரு போறது?"

"நீங்க போக வேணாம்ணே. அதான் இதுல விசேசமே. காலேஜு உங்களத் தேடி வரும். வேலைல இருக்க பெரிய மனுசங்களுக்குன்னே தயாரிச்ச படிப்பு. மூணு பேரு சேந்தா நாலாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம்."

மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது. எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்: படிப்பதற்கு நேரம். எங்கள் நாள் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள் இதைச் சிரிப்பாக நினைக்கலாம். பத்தரைக்கு வருகை. பதினொன்றுக்குத் தேநீர். பிறகு நாளிதழ். அதில் வரும் அரசியல் குறித்து ஆண்டிச்சாமியோடு கருத்து வேறுபாடு. ஒரு மணிக்கு உணவு. மூன்றுக்கு மறுபடி தேநீர். இடையில் சாக்கு. மூச்சு விட நேரமில்லாத இந்த அட்டவணையில் பி.ஏ.வை எங்கே நுழைப்பது?

வழி கண்டவர் மேலாளர். "நம்ம ஆபீசு நடைமுறை என்ன?" என்று கேட்டார். "கோப்புக்கு வரைவு யாரு போடுறது? கீழ உள்ளவங்க. ஒப்பம் யாரு போடுறது? மேல உள்ளவங்க. கோப்பு யாருது? ஒப்பம் போட்டவனுது. இதுவரைக்கும் யாராச்சும் அத தப்புன்னு சொல்லிருக்காங்களா? பாடமும் ஒரு கோப்புதான்யா!"

முப்பது ஆண்டு அனுபவம் பேசியது. ஆண்டிச்சாமி கைதட்டினார். நான் எழுந்து நின்றேன்.

ரூத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவள் முகத்தில் இதுவரை நாங்கள் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"செய்யிறேன் ஐயா. அந்த நாலாவது ஆளா நானும் சேந்துக்கிறட்டா?"

மேலாளர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "சேந்துக்கம்மா. ஆபீசு வேல கெடாமப் பாத்துக்க." ஆபீசு வேலை என்று அவர் சொன்னது எங்கள் மூன்று பி.ஏ.வை.

படிப்பு தொடங்கியது. பாடம்: பொது நிர்வாகம். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பாடங்களை ரூத் அச்செடுப்பாள். ஆண்டிச்சாமி அவற்றுக்கு வரிசை எண் கொடுத்து, 'பார்வையிடப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு பாடம் முடிந்தது என்று பொருள். ஒரே மதியத்தில் இருபத்திரண்டு பாடங்களை முடித்த வரலாறும் உண்டு.

'கலந்துரையாடல் பலகை' என்று ஒன்றிருந்தது. மாணவர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டும். அதோடு இன்னொருவர் கருத்தை மறுத்தும் எழுத வேண்டும். மறுப்பதா? மேலாளர் 'அதிகாரப் பரவலாக்கம் நல்லது' என்று போட்டிருந்தார். நான் சற்று யோசித்துவிட்டு, 'மேலாளர் அவர்களின் கருத்து பணிவுடன் ஏற்கப்படுகிறது' என்று ரூத்திடம் சொல்லிப் பதியச் சொன்னேன். ஆண்டிச்சாமி, 'கண்காணிப்பாளர் ஏற்றது உரிய வழியில் ஏற்கப்படுகிறது' என்றார். எங்கோ வடக்கே இருந்த பேராசிரியர், மறுத்து எழுதாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை என்று எச்சரித்தார். அதையும் பணிவுடன் ஏற்றுக்கொண்டோம்.

ஒவ்வொரு தேர்வையும் மெர்வினின் வளாகத்தில் நான்கு முறை ரூத்தே எழுதினாள். எங்கள் பெயரில் மூன்று, அவள் பெயரில் ஒன்று. தேர்வு நேரத்தில் மேற்பார்வையாளர் மெர்வின் கடலை வாங்கப் போயிருப்பார். நான்கு பேருக்கும் நான்கு விதமாக விடை யோசித்து எழுதிவிட்டு, இரண்டு கண்ணும் சிவக்க அவள் வெளியே வருவதைப் பார்க்கையில், படிப்பு எவ்வளவு கடினமானது என்று எனக்கே அயர்ச்சியாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் பெரும் சோதனை வந்தது. மதிப்பெண் பட்டியலில் ஆண்டிச்சாமி எழுபத்தொன்று. நான் அறுபத்தெட்டு. மேலாளர் ஐம்பத்தொன்பது. ரூத் எண்பத்தாறு.

அன்று பதினொரு மணித் தேநீர் தொடப்படாமலே ஆறியது. ஆண்டிச்சாமி கூசிப்போய் மேலாளர் முன்னால் நின்றார். "ஐயா, சத்தியமா நான் படிக்கல ஐயா. தானா வந்துருச்சு."

"நீ படிக்கலன்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்று மேலாளர் ஆறுதல் சொன்னார். ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அன்று மாலையே ரூத்துக்குக் குறிப்பாணை போனது. இனிமேல் மதிப்பெண்கள் பணிமூப்பு வரிசையில் அமைய வேண்டும். இருப்பதிலேயே சிறந்த விடை மேலாளர் பெயரில் முதலில் போக வேண்டும். அதில் கொஞ்சம் குறைத்து எனக்கு. மேலும் குறைத்து ஆண்டிச்சாமிக்கு. நாங்கள் பதிவேற்றி முடிந்த பிறகே தினக்கூலிப் பணியாளர் தன்னுடையதைப் பதிவேற்றலாம்.

அன்று முதல் மதிப்பெண்கள் வரிசையில் நின்றன. மேலாளரின் நடையிலேயே ஒரு பட்டதாரிக் களை வந்தது. வீட்டில் என் மனைவி ராதாமணி, மகள் வித்யாஸ்ரீ கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட இடம் விட்டு மாதிரி எழுதிப் பார்த்தாள்.

இறுதியாண்டில் எல்லோரும் நாற்பது பக்கத்தில் ஆய்வேடு ஒன்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ரூத் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'அரசு அலுவலகங்களில் தினக்கூலிப் பெண்கள்'. நான்கு மாதம் எழுதினாள். மேலூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நிற்பதை எழுதினாள். அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதை எழுதினாள். எட்டு வருடம் வேலை பார்த்தும் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாததை எழுதினாள். குறிப்பாணைப்படி இதுவே சிறந்ததாக இருந்ததால், இது மேலாளர் பெயரில் முதலில் போனது. எனக்கும் ஆண்டிச்சாமிக்கும் சாக்கைப் பற்றி ஆளுக்கொன்று போட்டுக்கொடுத்தாள். கடைசியில், தன் பெயரில் வேறொன்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வேட்டையே தன் பெயரிலும் அப்படியே பதிவேற்றிவிட்டாள். வாழ்க்கையில் அவள் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

பேராசிரியரிடமிருந்து மேலாளருக்குப் பாராட்டு வந்தது. 'ஒரு தினக்கூலிப் பெண்ணின் துயரத்தை உள்ளிருந்தே உணர்ந்து எழுதியிருக்கிறீர்கள்' என்று ரூத் அதைப் படித்துச் சொன்னாள். மேலாளர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரமே ரூத்துக்கு வந்தது வேறு கடிதம். இரண்டு ஆய்வேடுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதை இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. பின்னால் பதிவேற்றியவரே பார்த்து எழுதியவர் என்பது பல்கலைக்கழக விதி. முன்னால் பதிவேற்றியவரும் உடன் படிப்போரும் அப்படி இல்லை என்று எழுதிக் கொடுத்தாலொழிய, அவள் பட்டம் ரத்து.

ரூத் நேராக என் மேசைக்கு வந்தாள். மூன்று ஆண்டில் முதல் முறையாகக் கையில் கோப்பு எதுவும் இல்லை.

"சார், நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும் சார். அந்த இளநிலை உதவியாளர் வேலைக்கு வார மாசம் பட்டத்தக் காட்டணும். எங்க வீட்டுல அந்த ஒரு வேலைய நம்பித்தான் உக்காந்திருக்காங்க."

"மேலாளரும்தானேம்மா எழுதிருக்காரு?"

"சார், அதுல மூணாவது அத்தியாயத்துல நான் பஸ்ல நின்னுக்கிட்டு வாரத எழுதிருக்கேன். ஐயா ஜீப்புல வாராரு."

"ஜன்னல் வழியாப் பாத்திருப்பாருல்ல?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் நெஞ்சு கனத்தது. கனத்தது என்பதை மறைக்க மாட்டேன். உடனே எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் அவசரக் கூட்டம். "உண்மையச் சொன்னா மூணு பட்டம் போகும், ஒண்ணு நிக்கும். சொல்லாட்டி ஒண்ணு போகும், மூணு நிக்கும். நிர்வாகம்னா பெரும்பான்மை நலன்" என்றார் மேலாளர். பொது நிர்வாகத்தில் அவர் எவ்வளவு ஊறியிருக்கிறார் என்று வியந்தேன். 'நாங்கள் எழுதியவை எங்கள் சொந்த உழைப்பு. ரூத் என்பவர் மேலாளருடையதைப் பார்த்து எழுதியுள்ளார்' என்று மூவரும் சேர்ந்து கடிதம் கொடுப்பது என முடிவானது.

அதில் ஒரு சிக்கல். கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மூன்று பட்டதாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆண்டிச்சாமி எழுந்து போய் ரூத்தைக் கூட்டி வந்தார்.

மேலாளர் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'பார்த்து எழுதியவர்'னு போடவா ஐயா, 'திருடியவர்'னு போடவா?"

"சேச்சே, திருடுனவர்ங்கிறது ரொம்பக் கடுமை. பாத்து எழுதுனவர்னே போடும்மா" என்றார் மேலாளர் பரிவோடு. "நம்ம சர்ச்சுச் சபைப் பிள்ளைதான நீயி."

"சரிங்க ஐயா" என்றாள். அச்செடுத்து, மூன்று பேரின் பெயரையும் பணிமூப்பு வரிசையில் அடித்து, எங்கள் முன்னால் வைத்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, அன்றைய சாக்குக் கணக்கை அடிக்கத் தொடங்கினாள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் மூவருக்கும் பட்டம் வந்தது. மேலாளர் மேலே போனார், நான் மேலாளரானேன், ஆண்டிச்சாமி என் நாற்காலிக்கு வந்தார். இளநிலை உதவியாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒரு பட்டதாரிப் பையனைப் போட்டார்கள். அவனுக்குக் கணினியை எங்கே அமுக்கித் திறப்பது என்று ரூத்தான் காட்டிக் கொடுத்தாள். அவள் இன்னும் தினக்கூலிதான். இப்போது ஒன்பதாவது வருடம்.

சென்ற வாரம் மெர்வின் வந்தார். வளாகத்தைப் பெரிதாக்குகிறாராம். வாசலில் எங்கள் மூவர் படத்தோடு 'வேலை பார்த்துக்கொண்டே வென்றவர்கள்' என்று பேனர் வைக்கப்போகிறாராம்.

"அண்ணே, படத்துக்குக் கீழ ஒங்க எழுத்தும் இருந்தா நல்லாருக்கும். இந்த மூணு வருசப் படிப்புல ஒங்க கையால எழுதுன தாளு எதாச்சும் குடுங்க. நோட்ஸ், விடைத்தாளு, எதுன்னாலும் சரி. பிரேம் போட்டு மாட்டிப்புடுவோம்."

பீரோவைத் திறந்து மேல் தட்டிலிருந்து கீழ் தட்டு வரை தேடினேன். மூன்று வருடப் படிப்பில் நான் என் கையால் எழுதியது ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: ரூத் பார்த்து எழுதினாள் என்ற அந்தக் கடிதத்தின் நகலில், கீழே, என் கையெழுத்து.