நெற்றியில் வழிந்த நன்றி

புருவத்துக்கு நடுவே புதிதாக ஒன்று முளைத்திருந்தது. நடராசா கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்ததுதான் மிச்சம். நெற்றியில் ஏற்கெனவே இருந்த பருக்களுக்குத் தலைமை தாங்க வந்ததுபோல நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

தை பிறந்ததும் ஆபீஸ் பெரிய கிளார்க் விஸ்வலிங்கத்தின் வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டும். சாப்பாடு பேருக்குத்தான். அவருடைய மகள் புஷ்பராணி இவனைப் பார்த்துச் சம்மதம் சொல்வதற்கான ஏற்பாடு அது. நடராசா அவளைக் கோயிலில் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு வேறு யாரையும் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்த முகத்தோடு போனால் சோற்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தான்.

அவனுக்குப் பருவைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. அது நன்றி. யாழ்ப்பாணத்திலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவனுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை வாங்கித் தந்தவர் விஸ்வலிங்கம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அறையைக் கொடுத்து, காய்ச்சல் வந்தபோது கஞ்சியும் கொடுத்தவள் லட்சுமியக்கா. இவர்கள் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

விஸ்வலிங்கம் நீட்டியது எண்ணெய். திங்கட்கிழமை தவறாமல் மேசைக்கு அடியால் ஒரு போத்தல் வரும்.

"என்ர மனுசி உமக்கெண்டே காய்ச்சினது. தலையில நல்லா அப்பும். ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"பருவுக்கும் நல்லதோ, ஐயா?"

"என்ன கேள்வி இது! போன வருஷம் என்ர நெத்தி உம்மட நெத்தியைவிட மோசம். இப்ப பாரும்!"

நடராசா பார்த்தான். வழுவழுவென்று இருந்தது. அன்றிலிருந்து எண்ணெயை இரண்டு மடங்காக வைத்தான். பத்து மணி வெயிலில் அது நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் வந்து நிற்கும்.

பரு குறையவில்லை. லட்சுமியக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"சந்தனத்துல எலுமிச்சம்பழம் புழிஞ்சு போடு லா, தம்பி. ஒரே ராத்திரில கொட்டிடும்."

காலையில் பரு அப்படியே இருந்தது. தோல்தான் கொட்டியது.

"அப்ப பூண்டு தேய்ச்சுப் பாரு."

தேய்த்தான். மறுநாள் அவன் முகத்தைப் பார்த்ததும் லட்சுமியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா!" என்று சொல்லி, அவன் தடுப்பதற்குள் அறை வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். நடராசாவுக்கு அம்மை என்ற செய்தி அவனுக்கு முன்னாலேயே ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு நகர்ந்து போனார். விஸ்வலிங்கம் மட்டும் தூர நின்றபடியே ஒரு பெரிய போத்தலைத் தள்ளிவிட்டார்.

"அம்மைச் சூட்டுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை, தம்பி!"

நடராசா கண் கலங்க வாங்கிக்கொண்டு, நேரே டாக்டரிடம் போனான். டாக்டர் தனசேகரன் அவன் பூசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ்டர் நடராசா, பரு போயிடக்கூடாதுன்னு நீங்க ரொம்பப் பாடுபடறீங்க."

"என்ன டாக்டர் இப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"எண்ணெய் வழிஞ்சு தோல்ல இருக்கற துவாரத்தை அடைக்குது. பூண்டும் எலுமிச்சையும் தோலைப் புண்ணாக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு வைத்தியம் மாத்தினா எதுதான் வேலை செய்யும்? எல்லாத்தையும் நிறுத்துங்க. காலையில, சாயங்காலம் மெதுவான சோப்பால கழுவுங்க, தேய்க்காதீங்க, கிள்ளாதீங்க. ராத்திரி இந்தக் கந்தக லோஷனை லேசாப் பூசுங்க. ரெண்டு மாசமாவது பொறுக்கணும். தலைக்கு எண்ணெய் வேணாம்."

கடைசி வாக்கியத்தில்தான் நடராசாவுக்கு வியர்த்தது. எண்ணெய் வாசம் இல்லாமல் ஆபீஸுக்குப் போனால் பெரியவர் என்ன நினைப்பார்? வருங்கால மாமியார் கையால் காய்ச்சியதல்லவா? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கைக்குட்டையில் எண்ணெயை நனைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசம் பிரமாதமாக வந்தது. வெயிலில் நெற்றி வியர்த்தபோதெல்லாம் அதே கைக்குட்டையை எடுத்துத் துடைத்ததும் அவன்தான்.

அடுத்த முறை டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "அந்தக் கைக்குட்டையை இப்படிக் கொடுங்க."

அதற்குப் பிறகு எண்ணெய், திறந்த போத்தலில் ஆபீஸ் மேசை இழுப்பறைக்குள் இருந்து வாசம் மட்டும் வீசியது. லட்சுமியக்கா கொடுத்த சந்தனம் சாமி படத்துக்குப் போனது. நடராசா முகத்தைத் தொடாமல் இருந்தான். தை பிறந்தபோது நெற்றியில் சில தழும்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. டாக்டரை நினைத்துக் கண்ணாடியின் முன்னால் கும்பிட்டான்.

விஸ்வலிங்கத்தின் வீடு குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடியில் இருந்தது. அவர் மனைவி சிவமணி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினார். சமையலறை வாசலில் புஷ்பராணியின் சேலை தெரிந்தது.

"பருக்காரப் பெடியன் எண்டு இவர் சொன்னவர். முகம் வடிவாத்தானே இருக்கு! என்ன பூசினனீர்?" என்றார் சிவமணி.

விஸ்வலிங்கத்துக்குப் புரையேறியது.

நடராசா கையில் இருந்த கவளத்தைக் கீழே வைத்தான். எண்ணெய்தான் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அப்படிச் சொன்னால் ஆயுள் முழுக்க அந்த எண்ணெய் அவன் தலையில் வழியும், புஷ்பராணி ஆயுள் முழுக்க அந்தப் பருவைப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத மறுப்பை அவன் முதன்முறையாகச் சொன்னான்.

"அம்மா, நீங்கள் எனக்கெண்டு காய்ச்சி அனுப்பின எண்ணெய்க்கு நான் எண்டைக்கும் நன்றி உள்ளவன். ஆனால் அது எனக்கு ஒத்துவரேல்லை. விட்ட பிறகுதான் முகம் தெளிஞ்சது. மன்னிக்கோணும்."

முடிந்தது கதை என்று நடராசா நினைத்தான்.

"நானோ? உமக்கோ? எண்ணெயோ?" என்ற சிவமணி மெல்லக் கணவன் பக்கம் திரும்பினார். விஸ்வலிங்கம் வழுவழு நெற்றியைத் தாழ்த்தி, குழம்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலிலிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்த புஷ்பராணி சொன்னாள்:

"அம்மா, நீங்கள் அப்பாவுக்கெண்டு காய்ச்சின எண்ணெயையும், அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய பருவையும் சேர்த்தெல்லோ இவர் இவ்வளவு நாளும் சுமந்திருக்கிறார், இவரை வேண்டாமெண்டு சொன்னால் நான் நன்றி கெட்டவள்!"