ஒல்லாந்துக் கீரை

இனி ஒரு நாளும் வலியோடு வாழ்வதில்லை என்று தேவராசா முடிவெடுத்தது ரெய்னர்ஸ் லேன் ஸ்டேசன் படிக்கட்டில், பாதி வழியில். இடது முழங்கால் அதற்கு மேல் வர மறுத்துவிட்டது. பின்னால் வந்த சனம் ஒதுங்கி ஒதுங்கிப் போக, அவர் கைப்பிடியைக் கட்டிப் பிடித்தபடி சபதம் போட்டார். ஜிபி டொக்டர் தந்த குளிசை வேண்டாம். பிசியோ சொல்லித் தந்த அப்பியாசமும் வேண்டாம். இந்த வயதில் ஒரு மனிதன் விடியக்காலை எழும்பி, முட்டையிடப் போகும் கோழி மாதிரிக் குந்தி எழும்புவதா?

வழி சொன்னவர் லதீசன். ஹொலண்டில் பல வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர்.

"அண்ணை, அங்க எங்கட பக்கத்து வீட்டு மனிசிக்கு ரெண்டு முழங்காலும் இரும்பு. கஞ்சா இலைத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு சைக்கிள் ஓடித் திரிஞ்சவ."

"பொலிஸ் பிடிச்சால்?"

"ஆர் பிடிக்கிறது? கண்ணாடிப் பெட்டி ஒண்டு அடிச்சுப் பின்வளவில வையுங்கோ. கேட்டால் கீரை எண்டு சொல்லுங்கோ."

ஒரு சின்ன விதைப் பொட்டலம் தேவராசாவின் சட்டைப் பைக்குள் இறங்கியது.

ஷெட்டுக்குப் பின்னால் பழைய யன்னல்கள் கிடந்தன. நாலு பலகையை அறுத்து, கோணல்மாணலாக ஆணி அடித்து, மேலே யன்னலை மூடியாக்கினார். கடைசி ஆணியை மட்டும் பெருவிரலில் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு அவர் மனைவி சுசிலா வெளியே வந்தா. பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தா.

"ஆருக்கு இந்தப் பெட்டி? நான் இன்னும் உயிரோடதானே இருக்கிறன்?"

"கீரைக்கு. குளிர் படாமல் வளரும்."

"என்ன கீரை?"

தேவராசா இதை யோசித்து வைக்கவில்லை. "ஒல்லாந்துக் கீரை."

"சத்தோ?"

"சரியான சத்து!"

"அப்ப கவனமாய்ப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு சுசிலா உள்ளே போய்விட்டா. இவ்வளவு சுலபமாகத் தன் மனைவியை ஏய்த்தது முப்பது வருசக் குடித்தனத்தில் இதுதான் முதல் தடவை. அன்றிரவு தேவராசா நிமிர்ந்து படுத்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெட்டிதான் உலகம். விடிந்தால் குந்தியிருந்து மூடியைத் திறப்பார். வெயில் போனால் குந்தியிருந்து மூடுவார். இடையில் குந்தியிருந்து களை பிடுங்குவார், நத்தை பிடிப்பார், செடிகளோடு கதைப்பார். பாரிசில் ஒரு கலியாணத்துக்குப் போன கிழமை மட்டும் காவலை சுசிலாவிடம் விட்டுப் போனார். லண்டன் மழையும் குளிரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே செடிகள் கைவிரல் விரித்தது போல இலை விட்டன. கோடை வர, மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு எழும்பின.

முதல் தேத்தண்ணியை ஷெட்டுக்குள் ஒளித்திருந்து குடித்தார். ஒரே புளிப்பு. புளிப்பென்றால் வீரியம் என்று தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். பிறகென்ன! வானம் கத்தரிப்பூ நிறமானது. கேத்தில் ராகத்தோடு கொதித்தது. செய்தி வாசிப்பவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். வெங்காயம் உரித்தபடி ஆடினார். சுசிலா அடுத்த வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தா.

முழங்கால்? அதுதான் அதிசயம். ஆனியில் குறைந்த வலி ஆடியில் காணாமலே போய்விட்டது. ஒருநாள் அதே ஸ்டேசன் படிக்கட்டில் கைப்பிடி பிடிக்காமல் ஏறி, உச்சியில் நின்று லதீசனுக்குப் போன் போட்டார். "தம்பி! நான் இப்ப மான்குட்டி!"

அடுத்த ஞாயிறு பின்னேரம், வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பியது.

"அங்கிள்!"

பக்கத்து வீட்டு மெலனி. தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் பொலிசில் வேலை.

"அங்கிள், உங்களுக்கு இன்னும் பொட் வேணுமெண்டால் எங்கட வீட்டில நிறையக் கிடக்கு."

பொட் என்றால் பூச்சாடி. பொட் என்றால் கஞ்சாவும்தான். இந்தப் பிள்ளை எதைச் சொல்லுது?

"நான்... அதெல்லாம் பாவிக்கிறேல்லை பிள்ளை."

"பிளாஸ்டிக் பொட், அங்கிள்! செடி வைக்க." அப்போதுதான் அவள் பார்வை பெட்டிக்குப் போனது. கண் சுருங்கியது. "இது என்ன செடி? இந்த இலை..."

தேவராசா கைவிலங்கைக் கண்டார், நீதவானைக் கண்டார். அந்த நேரம் சுசிலா உடுப்புக் கூடையோடு வந்து, ஓர் இலையைக் கிள்ளி நீட்டினா.

"கீரை, பிள்ளை. சப்பிப் பார்."

மெலனி சப்பினாள். முகம் சுளித்தது, பிறகு மலர்ந்தது. "ஓ மை கோட், புளிக்குது! நல்லாயிருக்கு அன்ரி!"

தேவராசாவின் நெஞ்சு பலூனாகியது. லண்டன் பொலிசுக்கே கஞ்சா தீத்தியாயிற்று! அதுவும் வேலிக்கு மேலால்! இந்த வீரத்தை யாருக்குச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள், சுசிலா ஒரு பை நிறைய இலை பிடுங்கி மெலனியிடம் கொடுத்துவிட்டா. "கொண்டுபோய் அம்மாட்டக் குடு. பருப்போட கடையச் சொல்லு."

தலை வேலிக்குப் பின்னால் மறைந்தது. பையும் மறைந்தது. தேவராசா மனைவியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"சுசிலா! ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு வாரும்! அது கீரையில்லை. கஞ்சா! பொலிஸ் வீட்டில கஞ்சாக் கடையல்! குடும்பத்தோட உள்ளுக்க போகப்போறம்!"

சுசிலா ஆறுதலாகக் கூடையை வைத்தா.

"அது புளிச்சக்கீரை. டூட்டிங் கடையில வாங்கி நட்ட கண்டு. இலை ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"அப்ப என்ர...?"

"நீங்கள் பாரிஸ் கலியாணத்துக்குப் போன கிழமையே பிடுங்கிக் குப்பையில போட்டிட்டன். லதீசன்ர மனிசி விதை குடுத்த அண்டைக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா."

தேவராசா கதிரையில் விழுந்தார். ஆனாலும் அவர் கையில் ஒரு துருப்பு இருந்தது.

"பொய்! அப்ப என்ர முழங்கால் எப்பிடி மாறினது?"

"பிசியோ காலையும் மாலையும் குந்தி எழும்பச் சொன்னவர். எனக்காகச் செய்யேல்லை. கீரைக்காகச் செய்தியள். அதுதான் பெட்டியைக் கழட்டாமல் விட்டனான்."

"சரி, விடும்! நான் தனிய இருந்து சிரிச்சது? வெங்காயத்தோட ஆடினது? கேத்திலுக்குத் தாளம் போட்டது? அதுக்கு என்ன சொல்லுறீர்?"

சுசிலா நனைந்த உடுப்பை உதறியபடி திரும்பிப் பார்த்தா.

"அது நீங்கள் கலியாணம் கட்டின நாளில இருந்து அப்பிடித்தானே."