ஆர்ச்சியின் நாற்காலியைத் தொடாதீர்கள்

கொட்டகையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஆர்ச்சி லைப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானம் செய்தார். கடிக்க மிச்சமிருந்த பற்கள் கொஞ்சம்தான். தீர்மானம் பெரிது.

அபர்டீன் துறைமுக வாயிலில் இருக்கிறது ஃபிட்டி என்ற பழைய மீனவர் குடியிருப்பு. வீடுகள் தீப்பெட்டி அளவு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே, முற்றத்தில், தார் பூசிய ஒரு மரக்கொட்டகை. வீட்டில் மனைவியின் ஆட்சி, கொட்டகையில் கணவனின் ஆட்சி. ஆண்டவர் இரக்கமுள்ளவர், கல்யாணமானவனுக்கும் ஒரு மூலையை வைத்திருக்கிறார். ஆர்ச்சியின் மூலையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, தார் டின்னுக்குப் பின்னால் ஒரு விஸ்கி பாட்டில். சனிக்கிழமை கால்பந்து தொடங்கும்போது உள்ளே போனால், மனிதர் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணிக்குத்தான் கண்ணில் படுவார்.

அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்தது.

"ஆர்ச்சி, அந்தக் குப்பையைக் காலி பண்ணு. என் தையல் மெஷினுக்கு இடம் வேணும்" என்றாள் மனைவி ரோனா, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"வீட்டுக்குள்ள இடமில்லையா?"

"இருக்கு. நீ கொஞ்சம் இளைச்சா."

"கல்யாணமான நாள்லேர்ந்து அது என் கொட்டகை!"

"உள்ள இருக்கிற சிலந்தியும் அதையேதான் சொல்லுது. அடுத்த வாரம் தச்சர் வர்றார்."

ஆர்ச்சிக்கு மீன் இறங்கவில்லை. எழுந்து போய்க் கொட்டகையில் உட்கார்ந்தார். ஜன்னலில் ஒரு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

இது ஃபிட்டியில் புதிதல்ல. துறைமுக வாயிலில் ஓங்கில் என்ற டால்பின்களைப் பார்க்க வருகிறவர்கள், ஓங்கில் வராவிட்டால் ஃபிட்டிக்காரர்களைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஆர்ச்சி குளித்துவிட்டு வந்த கோலத்தை ஒரு ஜெர்மானியக் குடும்பமே நின்று பார்த்துவிட்டது. அன்றிலிருந்து மூக்கைக் கண்டால் துடைப்பத்தோடு ஓடுவார்.

இன்று ஓடவில்லை. மூக்கைப் பார்த்தார். மூளையில் விளக்கு எரிந்தது. ஊரே வந்து பார்க்கிற இடத்தை இடிக்கத் தச்சருக்குத் தைரியம் வருமா?

கதவை அகலத் திறந்தார்.

"வாங்க, வாங்க! என் கொள்ளுத்தாத்தா கொட்டகை இது. இந்த நாற்காலி மூணு கப்பல் உடைஞ்சும் உடையாத நாற்காலி."

உண்மையில் அது கோயில் நிதிக்காக நடந்த பழைய சாமான் விற்பனையில் ரோனா வாங்கிவந்தது.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் உருகிப்போனாள். "கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

"ஐயையோ, கூடவே கூடாதும்மா! தொட்டாலே உதிர்ந்துடும். நானே உட்கார மாட்டேன்!"

"அந்த பாட்டில்?"

ஆர்ச்சி தார் டின்னை அதன் முன்னால் நகர்த்தினார். "அது... புயல்ல கரை ஒதுங்கினது. அதையும் தொடக் கூடாது."

எதிரே சமையலறை ஜன்னலில் திரை லேசாக அசைந்தது. ஆர்ச்சி கவனிக்கவில்லை. கதை சொல்கிறவனுக்குக் கண் எங்கே தெரியும்?

வாரம் முடிவதற்குள் புகழ் பரவிவிட்டது. வழிகாட்டிப் பெண் கிர்ஸ்டி, வந்தவர்களுக்கு ஓங்கில் காட்டிவிட்டு அவர்களை நேரே ஆர்ச்சியிடம்தான் கூட்டிவந்தாள். மூன்று கப்பல் ஏழாகியிருந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு கால் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆர்ச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். "ரோனா, தச்சரை வரவேண்டாம்னு சொல்லிடு. அது இனி நம்ம சொத்தில்ல, ஊர்ச் சொத்து. ஒரு ஆணியைக்கூட அசைக்க முடியாது!"

"அப்படியா? நீ சொன்னா சரிதான் ஆர்ச்சி."

இவ்வளவு சுலபமாக ரோனா எதற்கும் சரி சொன்னதில்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே முழங்கால் போட்டு ஜெபித்திருப்பார். ஆர்ச்சி இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பெரிய ஆட்டம். காகிதப் பையில் வெண்ணெய் வழியும் ரொட்டியோடு ஆர்ச்சி முற்றத்தைக் கடந்தார். கொட்டகை வாசலில் குறுக்கே ஒரு தடித்த கப்பல் கயிறு. கயிற்றில் ஒரு பலகை: 'தொடாதீர்கள். உட்காராதீர்கள்.' பக்கத்தில் மேசை போட்டு, ஆலயக் கூரை நிதிக்காக ரோனா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம்.

ஆர்ச்சி ஒரு காலைத் தூக்கிக் கயிற்றுக்கு மேலே வைத்தார்.

"காலை எடு!" என்றாள் ரோனா.

"இது என் நாற்காலி!"

"ஏழு கப்பல் உடைஞ்சும் உடையாதது. நீ உட்கார்ந்தா என்ன ஆகும்? நீதானே சொன்னே, நானே உட்கார மாட்டேன்னு?"

"ஆமாம், சொன்னார்" என்றாள் மஞ்சள் மழைக்கோட்டு அம்மாள். மறுபடியும் வந்திருந்தாள். இம்முறை தங்கைகளோடு.

"சரி, அந்த ரேடியோவையாவது குடு."

"கொள்ளுத்தாத்தா ரேடியோ. அசைக்கக் கூடாது."

ஆர்ச்சி பாட்டிலைப் பார்த்தார். பாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது.

"உன் தையல் மெஷினை எங்கே வைப்பே?" என்றார் ஈனக்குரலில்.

"தையல் மெஷினா? எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதே! சனிக்கிழமைன்னா நீ வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான். உருளைக்கிழங்கு உள்ள இருக்கு. கத்தி பக்கத்திலேயே இருக்கு."

ஆர்ச்சி உள்ளே போய் உட்கார்ந்து தோல் சீவினார். சற்று நேரத்தில் சமையலறை ஜன்னலில் வரிசையாக மூக்குகள் ஒட்டின.

"கிர்ஸ்டி, இது என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

கிர்ஸ்டிக்கு முன்னால் ரோனாவே பதில் சொன்னாள்.

"அது ஒண்ணுமில்ல, என் வீட்டுக்காரர். பார்க்கிறதுக்கு எதுவும் இல்ல. வாங்க, நாற்காலியைப் பார்ப்போம்."