செத்த வீட்டு மேளம் அல்ல, பிலிப்பைன்ஸ் ரெகே

கனகலிங்கம் அண்ணை, நீங்கள் ஒரு பொய்யர்.

பாதிக் கதையைச் சொல்லி மீதியை விழுங்குகிறவரையும் நான் பொய்யர் என்றுதான் சொல்வேன். பாரிஸ் லா ஷப்பல் தமிழருக்குள் கலியாணமோ பிறந்தநாளோ எது நடந்தாலும் அறிவிப்பாளர் நீங்கள்தான். சாப்பாட்டுக்கு முன் ஒரு பகிடி விடுவீர்கள். "மருமகளின்ரை சாமத்திய வீட்டுக்குச் செத்த வீட்டு மேளம் கொண்டுவந்த தாய்மாமனைத் தெரியுமோ?" சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தத் தாய்மாமன் நான். பதின்மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். இனி முடியாது.

முதலில் என் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது சின்னப் பிழை இல்லை.

2009இல் நான் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. பிளோஞ்சில், அதாவது கோப்பை கழுவும் இடத்தில், ரொடெல் என்ற பிலிப்பைன்ஸ்காரன் நின்றான். அந்த வருடம் எங்கள் ஆட்களின் காதில் வன்னிச் செய்தியைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. என் சித்தப்பா குடும்பம் எங்கே என்று இரண்டு மாதமாகத் தெரியாது. தமிழ்ப் பாட்டு ஒன்று காதில் விழுந்தாலே குற்றம் செய்தது போல இருக்கும். ஒருநாள் ரொடெல் ஈரக் கையோடு வந்து, கேட்காமலே தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினான்.

"கேள். உனக்கு ஒரு சொல்லும் விளங்காது. இப்போதைக்கு அதுதான் உனக்கு நல்லது" என்றான், என்னுடையதைவிட மோசமான பிரெஞ்சில்.

அன்று பிடித்தது. இன்னும் விடவில்லை.

ரெகே ஜமைக்காவில் பிறந்தது என்று எனக்கும் தெரியும். (நீங்கள் மைக்கில் சொல்லித் தரத் தேவையில்லை.) ஆனால் பிலிப்பைன்ஸ்காரர் அதை வாங்கித் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள். குரலில் காதல் பாட்டின் இனிப்பு. சொல்லில் கருவாடு காயப்போடுவதும், பஸ் வராததும், சேவல் சண்டைக்குப் போன புருசனும், வெளிநாட்டில் வேலை செய்யும் தாயும். மணிலா ரெகே ஒரு மாதிரி, தெற்குத் தீவுகளின் விசயா மொழி ரெகே இன்னொரு மாதிரி. கித்தாரை இரண்டு தரம் வெட்டினால் போதும், எது எதென்று சொல்லிவிடுவேன். எனக்குப் பிறவியிலேயே கோபம் அதிகம். கோபத்தைச் சிரித்துக்கொண்டும் சொல்லலாம் என்று இந்த இசைதான் எனக்குக் காட்டியது. (முழுதாகப் படிக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள்.)

ரொடெலுக்கு ஒரு குழுவும் இருந்தது. அவனோடு சேர்த்து நாலு பேர். வீடு துடைக்கிறவர்கள், பிள்ளை பார்க்கிறவர்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வாசிப்பார்கள். லிசா என்ற பெண் பாடுவாள். கேட்க வரும் ஒரே தமிழன் நான். அவர்கள் வாசிப்பதைப் பார்த்து, ஏதோ நானே இயற்றியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பேன்.

2012இல் அக்காவின் மகள் தர்ஷிகா பெரியபிள்ளையானாள். பாரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் மண்டபம் எடுத்து, சாமத்திய வீட்டை, அதாவது பூப்பு விழாவை, பெரிதாகச் செய்ய அக்கா நின்றாள்.

"மேளத்துக்கு ஆரைப் பிடிக்கிறது தம்பி?" என்றாள்.

"மேளம் என்ரை பொறுப்பு அக்கா. நீ பலகாரத்தைப் பார்."

"நல்ல ஆக்களோ?"

"பாரிசிலை அவையளை அடிக்க ஆளில்லை."

அக்கா நாதஸ்வரமும் தவிலும் என்று நினைத்தாள். நான் திருத்தவில்லை. சபைக்கு நடுவில் திடீரென்று ரெகே வந்து, எல்லோரும் அசந்து, என்னைத் தோளில் தூக்குவார்கள் என்று ஒரு நினைப்பு. (முப்பத்துநாலு வயது எருமைக்கு இருந்த நினைப்பு.)

ரொடெலுக்குப் பயம். "என்ன உடுப்பது?" என்று கேட்டான்.

"வெள்ளை" என்றேன். கோயிலுக்கு நாங்கள் வெள்ளை வேட்டிதானே கட்டுகிறோம்!

"பெண்ணுக்கு முன்னால் எப்படி நடப்பது?"

"மெதுவாக. சிரிக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் மரியாதை பார்க்கிறவர்கள்."

சொன்ன சொல் தவறாமல் செய்தார்கள். அதுதான் வில்லங்கம்.

மண்டபக் கதவு திறந்தது. பின்னால் பூத்தட்டுப் பிள்ளைகள், குடைக்குக் கீழே தர்ஷிகா. அவர்களுக்கு முன்னால் வெள்ளை நீளக்கைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையில் நாலு பேர். பேஸ் கித்தாரும் ஒலிபெருக்கியும் மின்சாரம் இல்லாமல் நகராது என்பதால் மேடையில் இருந்தன. ரொடெல் ஊமைக் கித்தாரை நெஞ்சோடு அணைத்துத் தலையைக் குனிந்து நடந்தான். லிசா கண்ணை மூடியிருந்தாள். ஒருவன் கழுத்தில் பெரிய மேளம். ரெகேயிலிருந்து பேஸையும் கித்தாரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

டும்.

நீண்ட அமைதி.

டும்.

ஊரில் பறை முன்னே போக, வெள்ளை உடுத்து, தலை குனிந்து சனம் எதற்குப் போகும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் பட்டென்று எழுந்து கை கூப்பினார். அவரைப் பார்த்து அந்த வரிசையே எழுந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அம்மா, "ஐயோ, ஆர் பிள்ளை மோசம் போனது?" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்தார்.

நானோ கதவடியில் பெருமையில் கண் கலங்கி நின்றேன். பக்கத்தில் நின்றவர் என் முதுகைத் தடவினார். "அழாதை தம்பி. எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதானே."

அப்போதுதான், கனகலிங்கம் அண்ணை, நீங்கள் மைக்கை வாயில் வைத்தீர்கள். "நிப்பாட்டுங்கோ! உது செத்த வீட்டு மேளம்! இஞ்சை நடக்கிறது சாமத்திய வீடு!"

மேளம் நின்றது. ஆலாத்தித் தட்டோடு அக்கா என்னிடம் வந்தாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. என் முகத்தில் எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்ரை பிள்ளைக்குச் சாப்பறை அடிப்பிக்கவோ தாய்மாமன் எண்டு உன்னை வைச்சிருக்கிறன்?"

"அக்கா, அது ரெகே..."

"வாயை மூடு! உவையளை இப்பவே வெளியிலை அனுப்பு. இல்லாட்டி நீயும் போ. பிறகு இந்தப் பக்கம் வராதை."

ரொடெல் என்னைப் பார்த்தான். "நாங்கள் பிழையாக ஏதாவது செய்தோமா?" என்று மெல்லக் கேட்டான். மண்டபம் முழுக்க அவர்களைப் பார்க்கிறது. மேளக்காரன் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவர்களைத் துரத்தினால் அடுத்தநாள் பிளோஞ்சில் ரொடெலின் முகத்தில் முழிக்க முடியாது. துரத்தாவிட்டால் எனக்கு அக்கா இல்லை.

குடைக்குக் கீழேயிருந்து தர்ஷிகாதான் வந்தாள். தலையில் அரைக் கிலோ பூ, கழுத்தில் மாலை. சனிக்கிழமைகளில் அவளைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் ஏற்றிப் போவது நான். வழி முழுக்க இந்தப் பாட்டுத்தான் போகும். தமிழ்ப் பள்ளியில் தமிழ் படித்தாளோ தெரியாது, காரில் பிலிப்பைன்ஸ்காரரின் தகலோக் மொழி படித்துவிட்டாள்.

"அம்மா, அவையள் போனா நானும் போவன்" என்றாள் தமிழில். (கோபத்திலும் பிரெஞ்சு வராமல் தமிழ் வந்ததே என்று அக்கா பாதி உருகிவிட்டாள்.) பிறகு அவர்களை நேரே மேடைக்குக் கூட்டிப்போய், வயரைக் காட்டிச் செருகச் சொன்னாள்.

பேஸ் வந்தது. அண்ணை, பேஸ் வந்ததும் கதிரைகள் அதிர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அதன் மேல் கித்தார் சக், சக் என்று வெட்டியது. லிசா கண்ணைத் திறந்து சிரித்தாள். அவர்களே கட்டிய பாட்டு. நான் துணிந்து, உங்கள் கையிலிருந்த மைக்கை வாங்கி, தமிழில் சொன்னேன்: "இவை பாடுறது என்னெண்டால், கோப்பை கழுவிக் கழுவி என்ரை கைரேகையே அழிஞ்சு போச்சு. பிரிபெக்தூரிலை விசாவுக்கு எந்த விரலை வைக்கிறது?"

பின்வரிசையில் பிளோஞ்ச் வேலை செய்யும் பெடியள் ஒரு கத்துக் கத்தினார்கள். கிழவர்கள் தங்கள் கையை விரித்துப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே யார்தான் கோப்பை கழுவாதவர்? யார்தான் விசா கொடுக்கும் பிரிபெக்தூர் கந்தோர் வரிசையில் நிற்காதவர்? மோசம் போனது ஆர் என்று கேட்ட அம்மா கை தட்டினார். அத்தான் ஆடினார். கடைசியில் அக்காவும் தட்டை வைத்துவிட்டு, மகளைச் சுற்றி மெல்ல அசைந்தாள். வாசித்த நாலு பேரின் முகத்தையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை, என் கலியாணத்தன்று கூட. (மனைவி இதை வாசிக்கக் கூடாது.)

அக்கா என்னை மன்னித்தாள், ஆனால் சும்மா விடவில்லை. இன்றைக்கும் நான் காரில் பாட்டுப் போட்டால் பின் சீற்றிலிருந்து, "இண்டைக்கு ஆர்ரை சவ எடுப்பு?" என்று கேட்பாள். பிள்ளைகள் உடனே தலையைக் குனிந்து கை கூப்புவார்கள். வீட்டுக்குள் அது எங்கள் பகிடி. இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் பகிடிதான் இப்போது விசமாகியிருக்கிறது. தர்ஷிகாவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. வரவேற்புக்கு ரொடெலின் குழுதான் வேண்டும் என்று நிற்கிறாள். மாப்பிள்ளையின் தகப்பன் மறுக்கிறார். "செத்த வீட்டு மேளமாமே, கனகலிங்கம் சபையிலை சொன்னவர்" என்கிறார். நடந்ததைச் சொன்னால், வீடியோவைக் காட்டச் சொல்கிறார். வீடியோவில் வெள்ளைச் சட்டையும் டும் சத்தமும் உங்கள் கத்தலும் மட்டும்தான் இருக்கின்றன. மேடைப் பாட்டு இல்லை, ஏனென்றால் வீடியோக்காரரும் கமராவை வைத்துவிட்டு ஆடப் போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளையின் தகப்பன் நம்பக்கூடிய சாட்சி நீங்கள் ஒருவர்தான், அண்ணை. தனியே டெலிபோனில் எனக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த மண்டபத்தில், மாப்பிள்ளையின் தகப்பன் முன்வரிசையில் இருக்க, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்: அன்றைக்குச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேடைக்கு முன்னால், "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தி ஆடியது ஆர்?