பச்சை பிடிக்காத பாய்

காவிரிப் பாசன மாவட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடினாலும், கம்ப்யூட்டர் எழுத்துக்குக் கலர் மாற்றுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரே ஆள், நாங்கள் 'சாயப்பட்டறை' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பாய்தான். கூத்தாநல்லூர்க்காரர். தஞ்சாவூரில் ஓர் உரக்கடை மாடியில், அரிசி ஆலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஆபீஸ் எங்களுடையது. பாயும் புரோகிராம் எழுதத்தான் வந்தார். ஆனால் படிக்க வசதியாக வரிக்கு வரி கலர் போடுவதிலேயே பாதி நாள் போய்விடும். காலையில் கறுப்புத் திரை, ரோஸ் எழுத்து. மதியம் வெள்ளைத் திரை. "பிரியாணிக்கு மேல இருட்டப் பாத்தா தூக்கம் வரும் தம்பி" என்பார்.

ஒரு முறை திருத்துறைப்பூண்டி ஆலையில் பில் வரவில்லை என்று அதன் முதலாளி போனில் கத்தினார். பாய் அசரவில்லை. "கொஞ்சம் பொறுங்க, அடைப்புக்குறிக்கு மட்டும் ஊதா போட்டுக்கறேன். தப்பு தானா கண்ணுல படும்." ஊதா போட்டார், ஆரஞ்சு போட்டார், ஒன்றும் படவில்லை. கடைசியில் பார்த்தால், ஆலையில் பிரிண்டர் பிளக் கழன்று கிடந்திருக்கிறது.

என் கதை வேறு. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரயில்வே வேலை கண் பரிசோதனையோடு போனது அதனால்தான். இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. திருத்தம் செய்யும்போது பழைய வரி சிவப்பிலும் புது வரி பச்சையிலும் வரும். நான் புதியதை அழித்துவிட்டுப் பழையதை வைத்துவிடுவேன். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் பாய் தன் புதுக் கலரைக் காட்டினார்.

"இந்தச் சிவப்பு கண்ண உறுத்துதா தம்பி?"

"சிவப்பா? பச்சைதானே பாய்?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார்.

மறுநாள் ஆபீசில் எல்லாத் திரையிலும் பழைய வரி மஞ்சள், புது வரி நீலம். மானேஜர் எகிறிக் குதித்தார்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க பாய்?"

"எனக்குப் பச்சையே புடிக்காதுங்க. பாத்தாலே தலவலி."

"நாலா பக்கமும் வயலு. ஊருக்கு எப்படிப் போறீங்க?"

"பஸ்ஸுல கண்ண மூடிக்குவேங்க."

ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. பாயும் கூடச் சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மானேஜர் தலையில் அடித்துக்கொண்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அதன் பிறகு நான் வரி மாற்றி அழிக்கவில்லை. வேலையும் தங்கியது.

பாய் வீட்டு விசேஷத்துக்கு அவரோடு ஒரே பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் நடவு வயலை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மனுஷரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.