யார் கத்துகிறார்கள், பார்ப்போம்

புது சர்வர் அட்டைப்பெட்டிக்குள் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது. அதை வைக்கத்தான் இடமில்லை.

சர்வர் அறையின் இரும்பு அலமாரிகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. காலி செய்ய முடிந்த ஒரே தட்டில் 'தாத்தா' குடியிருந்தார். தாத்தா என்பது ஒரு பழைய சர்வர். யார் வாங்கியது, எதற்காக ஓடுகிறது, பாஸ்வேர்டு என்ன, எதுவும் யாருக்கும் தெரியாது. மேலே ஒட்டியிருந்த சீட்டும் என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டு, இரவு பகலாக இரைந்துகொண்டு ஓடினார்.

"இது யாருக்காவது வேணுமான்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன் சார். ஒருத்தர்கூட பதில் போடல," என்றான் ஒயர்.

இன்ஜினியருக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். போன வருடம் தப்பான ஒயர் ஒன்றைப் பிடுங்கி, மொத்த அலுவலகத்தையும் அரைநாள் கை கட்டி உட்கார வைத்த புண்ணியத்தில் கிடைத்த பட்டம்.

"பதில் போடலைன்னா வேணாம்னு அர்த்தமா? என் பையன்கூடத்தான் எனக்குப் பதில் போடறதில்ல. மாசமானா பணம் வேணுங்கறான்," என்றார் மேனேஜர்.

"அப்ப பழைய வழிதான் சார். பிடுங்கிப் போட்டுட்டு யார் கத்துறாங்கன்னு பாப்போம். கத்துறவங்கதான் சொந்தக்காரங்க. யாரும் கத்தலைன்னா தாத்தாவுக்கு ஓய்வு."

இத்தனை படித்தவர்கள் இருக்கும் தொழிலில் இப்படியும் ஒரு வழியா என்று கேட்கக்கூடாது. இருக்கிறது.

மேனேஜர் யோசித்தார். "சரி, மத்தியானம் வரைக்கும் பாரு. ஆனா நிஜமா ஒரே ஒருத்தர் கத்தினாலும் தாத்தா அதே தட்டுக்கு வந்தாகணும். புதுசுக்கு நீ வேற இடம் தேடணும். அது முடியற வரைக்கும் லீவு கிடையாது. சாயங்கால ரயிலை மறந்துடு."

ஒயர் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கல்யாணமாகி இரண்டு வருடமாக அவன் மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான். கடல் பார்க்க வேண்டும். இரண்டு தடவை டிக்கெட் எடுத்து, இரண்டு தடவையும் ஏதோ ஒரு சர்வர் படுத்துக்கொண்டது. "இந்தத் தடவையும் மெஷின் கதை சொன்னீங்கன்னா, நான் பாட்டுக்கு தனியா போயிடுவேன்," என்று காலையில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அவள்மேல் அவனுக்கு உயிர். பயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அறை வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நாற்காலி போட்டிருந்தார். செல்போன், பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்வர் அறைக்குள் ஒரு சோற்றுப் பருக்கை போகக்கூடாது என்பது மேனேஜரின் சட்டம்.

டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது ஒயருக்குத் தனிப் பெருமை. மாமியார் வாங்கிக் கொடுத்தது. காலையில் கட்டிய சோறு மத்தியானம் திறந்தால் ஆவி பறக்கும். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு மேனேஜரும் அதே பாக்ஸை வாங்கிப் பார்த்தார். சோறு விறைத்துப்போனது. இப்போது அதில் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறார். "கைராசி சார்," என்பான் ஒயர்.

"அண்ணே, தாத்தாவைக் கழட்டப்போறேன். யாராவது கத்திக்கிட்டு வந்தா உடனே சொல்லுங்க."

"என்கிட்டயும் சொல்லணும்," என்றார் மேனேஜர், டீ குடிக்கக் கிளம்பியபடி.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒயர் தாத்தாவின் பிளக்கைப் பிடுங்கினான். இரைச்சல் அடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவரைக் கழற்றித் தரையில் இறக்கிய நிமிடம் மேஜை ஃபோன் அடித்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா.

"தம்பி, பிரிண்டர் திடீர்னு நின்னுபோச்சு."

போச்சு. தாத்தாதான் பிரிண்டரை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். பதறிப்போய், தரையில் கிடந்தவருக்கு உயிர் கொடுக்க, பக்கத்தில் கைக்கெட்டிய பிளக் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகினான்.

கைக்கெட்டியது, கார்டைக் காட்டினால் வாசல் கதவைத் திறக்கும் மெஷினின் பிளக். டீயோடு திரும்பிய மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்காததே நல்லது.

கதவைத் திறக்க, அந்த பிளக்கை அவசரமாக இன்னொரு பிளக் பலகையில் செருகினான். அது பழைய பலகை. படீரென்று ஏ.சி. நின்றது, எங்கோ அலாரம் அலறியது. அலாரத்தை அடக்க எழுந்த வேகத்தில் மேஜை ஃபோனின் ஒயரில் கால் சிக்கி, அதுவும் கீழே வந்தது.

விழுந்த ஃபோனிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, பேப்பர் தீந்துபோச்சு, அவ்வளவுதான். நான்தான் கவனிக்கல. உனக்கு வீண் சிரமம்."

செக்யூரிட்டி அண்ணன் ஓடிப்போய் வெளியே இருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார்; கதவு திறந்தது. எல்லாம் அடங்கியது. உள்ளே வந்த மேனேஜரின் டீ ஆறிப்போயிருந்தது.

"சார், இது ஒயர் தகராறு. தாத்தா தகராறு இல்ல," என்று முந்திக்கொண்டான் ஒயர்.

மேனேஜர் அவனையே பார்த்தார். வியர்வை, கன்னத்தில் தூசி, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ரயில் டிக்கெட். அவரும் ஒரு காலத்தில் புது மாப்பிள்ளையாக இருந்தவர்தான். "ஒழிஞ்சு போ. புதுசை மாட்டு," என்றார்.

தாத்தாவின் பிளக்கை மறுபடி பிடுங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுசை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை. மேனேஜர் அதன் தலையைத் தடவினார். "பாத்தியா, சூடே ஆகாது. கரண்ட் பில் பாதியாகும்."

மத்தியானம் வரை ஒரு குரல் இல்லை. ஒயர் மிதந்துகொண்டே கேன்டீனுக்குப் போனான். கடற்கரையில் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பது இப்போதே தெரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தான்.

ஆவி இல்லை. தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது.

"என்னய்யா இது, சோறா கல்லா?" என்று அவன் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

"இன்னைக்கு சோத்தை ஆறவச்சுக் கட்டினியா?"

"சூட்கேஸ் மூட மாட்டேங்குது, அதுமேல ஏறி உக்காந்திருக்கேன். இப்பதான் இதைக் கேப்பீங்களா? எப்பவும் போலத்தான் கட்டினேன்."

"அப்ப உங்கம்மா குடுத்த பாக்ஸ்தான் கைவிட்டுடுச்சு."

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க? ரெண்டு வருஷமா சூடா சாப்பிட்டப்ப இனிச்சுதா?"

இதற்கு மேல் பேசினால் கடல் தூரமாகிவிடும் என்று ஃபோனை வைத்தான். மூளை வேறு பக்கம் வேலை செய்தது. பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனான்.

"அண்ணே, இதை யார் திறந்தது? மூடி சரியா மூடலையா? பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. பசியோட வந்த மனுஷன் எப்படிச் சாப்பிடறது?"

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். மேனேஜர் வரும் வழி காலியாக இருந்தது. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பாக்ஸ்மேல தப்பில்ல தம்பி. நீங்க வேலைக்கு வந்த புதுசுல ஆறின சோத்தை முழுங்க முடியாம முழிச்சீங்க, மனசு கேக்கல. அன்னையிலேர்ந்து தினமும் தாத்தா முதுகுலதான் வச்சு எடுக்கறேன். இன்னைக்குப் புதுசுமேல வச்சேன், அது சூடே ஆகல. யாராவது கத்தினா சொல்லச் சொன்னீங்க, மேனேஜரும் சொல்லச் சொன்னாரு. காலையிலேர்ந்து தாத்தாவைக் கேட்டுக் கத்தினது நீங்க ஒருத்தர்தான். மேனேஜர்கிட்ட சொல்லட்டுமா, வேணாமா?"